மலையடியில் ஏரி, ஏரியடியில் ஊர்

மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கம் வற்றினால் ஓர் ஊர் வெளியே வரும். கோயிலின் எச்சம், விகாரையின் எச்சம், பள்ளிவாசலின் எச்சம் என்று ஒவ்வொன்றாகத் தலைகாட்டும். அதுதான் பழைய மஸ்கெலியா. 1969இல் அணைக்கட்டு வேலை முடிந்து மஸ்கெலி ஓயாவை மறித்தபோது கடைத்தெருவும் கும்பிடும் இடங்களும் தண்ணீருக்குள் போயின. நகரத்தை மேட்டில் புதிதாகக் கட்டினார்கள். வரட்சி நீளும் ஆண்டுகளில் பழைய ஊர் சில வாரங்களுக்குத் திரும்பி வருகிறது. பத்திரிகையில் படம் வரும். சுற்றுவட்டத் தோட்டங்களிலிருந்து ஆட்கள் வந்து, காய்ந்து வெடித்த சேற்றில் இறங்கி நடந்து பார்த்துவிட்டுப் போவார்கள். மழை இறங்கியதும் எல்லாம் மறுபடி முழுகிவிடும்.

அந்த நீர்ப்பரப்புக்குப் பின்னால் நிமிர்ந்து நிற்பது சிவனொளிபாத மலை. உயரம் 2,243 மீற்றர். இலங்கையின் ஆக உயர்ந்த மலை அதுவன்று. ஆனாலும் தனித்து நிற்கும் கூம்பு என்பதால் பழைய கப்பலோட்டிகளுக்கு அதுதான் அடையாளம். இரத்மலானையில் மாடிவீட்டுக்காரருக்கும் எப்போதாவது அதைப் பார்க்கும் வாய்ப்பு உண்டு. மழை பெய்து ஓய்ந்த தை மாத விடியலில், விமான நிலையத்து ஓடுபாதைக்கும் அப்பால், கிழக்கு அடிவானத்தில் அந்தக் கூம்பு சில நிமிடம் தெரியும். வெயில் ஏறினால் புகையோடு புகையாய்க் கரைந்துவிடும்.

புகழ்பெற்ற மலை, அதன் காலடியில் ஏரி, ஏரிக்கரையில் ஊர் என்றால் யாருக்கும் நினைவில் வருவது ஜப்பான் காலண்டர்தான். வெள்ளைத் தொப்பி போட்ட புஜி மலை, முன்னால் கண்ணாடி போன்ற தண்ணீர், ஓரத்தில் ஓலைக்கூரை வீடு. ஜப்பானியர் அந்தக் காட்சியைப் பணத்தாளிலேயே அச்சடித்தார்கள். 2004 முதல் 20 ஆண்டுகள் புழங்கிய 1,000 யென் தாளின் பின்புறத்தில் இருந்தது மொத்தோசு ஏரியில் விழுந்த புஜியின் நிழலுரு. அதே படத்தை நம் மலைக்கு வரைந்தால் கரையில் வீட்டை எங்கே வைப்பது என்பதில்தான் சிக்கல். வீடுகள் தண்ணீருக்கு அடியில் இருக்கின்றன.

ஆனால் புஜியின் ஏரிகளும் அவ்வளவு கள்ளமற்றவை அல்ல.

புஜியின் வடக்குப் பக்கத்தில் யமனாஷி மாகாணத்தில் ஐந்து ஏரிகள் உண்டு: யமனாகா, கவாகுச்சி, சாய்கோ, ஷோஜி, மொத்தோசு. கி.பி. 864இல் மலை வெடித்தது. குழம்பு வடமேற்காக இறங்கி, அங்கே கிடந்த செனோஉமி என்ற பெரிய ஏரிக்குள் பாய்ந்து அதன் பெரும்பகுதியை நிரப்பிவிட்டது. மிஞ்சிய இரண்டு துண்டுகள்தான் இன்றைய சாய்கோவும் ஷோஜியும். ஏரிநீர் வெந்நீராகக் கொதித்ததையும், மீனும் ஆமையும் செத்ததையும், குடிமக்களின் வீடுகள் ஏரியோடு சேர்ந்து புதையுண்டதையும் அக்கால அரச வரலாற்றேடு பதிந்து வைத்திருக்கிறது. ஆறிய குழம்பின் மேல் முளைத்த காடுதான் இன்று அவோகிகஹாரா என்று பெயர் பெற்றிருப்பது. இன்றைக்கும் சாய்கோ, ஷோஜி, மொத்தோசு மூன்றின் நீர்மட்டமும் ஒன்றையொன்று ஒட்டியே ஏறி இறங்குகிறது. பாறைக்கு அடியில் இன்னும் தொடர்பு அறவில்லை என்பதற்கு அதைச் சான்றாகச் சொல்கிறார்கள்.

ஆக, காலண்டரில் அழகாயிருக்கிற அந்த ஏரிக்கும் அடியில் வீடுகள் உண்டு. அங்கே வழி மறித்தது எரிமலைக் குழம்பு, இங்கே கொங்கிரீட்.

இந்த வேறுபாடு பாறையிலிருந்தே தொடங்குகிறது. புஜி இளைய மலை. குழம்பும் சாம்பலும் அடுக்கடுக்காகப் படிந்து எழுந்தது. சல்லடை மாதிரி. மேலே பெய்யும் மழையும் உருகும் பனியும் உள்ளே இறங்கிவிடுகின்றன; மேல்சரிவுகளில் நிரந்தரமான ஆறு கிடையாது. இறங்கிய தண்ணீர் பல ஆண்டு கழித்து அடிவாரத்தில் ஊற்றாகக் கிளம்பும். ஒஷினோ என்ற கிராமத்தில் அப்படிக் கிளம்பும் எட்டுக் குளங்கள் உண்டு. அந்தக் கிராமம் இருக்கும் இடமே ஒரு காலத்தில் ஏரியாக இருந்து வற்றியது. அந்தக் காலத்தில் புஜி யாத்திரைக்குப் போனவர்கள் அந்த எட்டுக் குளங்களிலும் முழுகித்தான் மலையேறினார்கள். இன்று பக்தரைவிடப் படம் பிடிக்க வருபவரே அதிகம். (உலகின் பெரிய தொழிற்சாலை ரோபோ நிறுவனங்களில் ஒன்றான ஃபனக்கின் தலைமையகம் இருப்பதும் இந்த ஒஷினோவில்தான். அதைக் காலண்டரில் போடுவதில்லை.)

சிவனொளிபாத மலையோ கிழட்டு மலை. உருமாறி இறுகிய பழம்பாறை. தண்ணீரை உள்ளே விடாது. தென்மேற்குப் பருவக்காற்று கடலிலிருந்து அள்ளிக்கொண்டு வருவதையெல்லாம் அந்தச் சரிவில்தான் கொட்டுகிறது. கொட்டியது அத்தனையும் ஓடையாய், அருவியாய் உடனே கீழே ஓடிவிடும். களனி, களு, வளவை மூன்றுக்கும் ஊற்றுக்கண் இந்த மலைத்தொடர். நம் மலை தானாக ஏரி வைத்துக்கொள்ளாது. ஏரி வேண்டுமென்றால் யாராவது மறிக்க வேண்டும்.

மறிக்கலாம் என்று முதலில் கணக்குப் போட்டவர் டி. ஜே. விமலசுரேந்திர என்ற பொறியியலாளர். பொன் இருக்கிறதா என்று பார்க்க மஸ்கெலி ஓயா, கெசல்கமு ஓயாப் பக்கம் அனுப்பப்பட்டவர், ஓடுகிற தண்ணீரே பொன் என்று கண்டுகொண்டார் என்பது அவரைப் பற்றி வழங்கும் கதை. 1918இல் இலங்கைப் பொறியியலாளர் சங்கத்தில் தன் திட்டத்தை வாசித்தார். நிலக்கரி இறக்குமதியில் ஊறிப்போயிருந்த ஆட்சிக்கு அது கசந்தது. 1920களில் தொடங்கிய வேலை பணமில்லை என்று நின்றது. லக்ஷபான நிலையம் இயங்கத் தொடங்கியது 1950இல். பிறகுதான் காசல்ரீ (1965), மவுஸ்ஸாக்கலை (1969) என்று மேலே மேலே அணைகள் ஏறின.

மவுஸ்ஸாக்கலையில் தேங்கும் ஒரு சொட்டுத் தண்ணீர் என்ன ஆகிறது என்று பார்த்தால் அந்த மனிதரின் மூளை புரியும். கடல்மட்டத்திலிருந்து 1,100 மீற்றருக்கு மேலே நிற்கிற அந்தச் சொட்டு, குழாய் வழியே இறங்கி முதலில் கென்யன் நிலையத்துச் சுழலியைச் சுற்றும். 60 மெகாவாட். விடுபட்டதும் கீழே இன்னொரு குளத்தில் பிடித்து, புதிய லக்ஷபானவுக்கு இறக்குவார்கள். அது 1974இல் 100 மெகாவாட் நிலையமாக எழுந்தது. அங்கிருந்து பொல்பிட்டிய. இப்போது அதற்கும் கீழே பிரோட்லண்ட்ஸ். ஒரே தண்ணீர் நான்கு முறை வேலை செய்துவிட்டுக் களனியாகிக் கொழும்புக்கு வருகிறது. அம்பத்தலையில் அதையே மறுபடி அள்ளிச் சுத்திகரித்து நமக்குக் குடிக்கத் தருகிறார்கள். வெள்ளவத்தையில் ஒருவர் ஆளியைத் தட்டிவிட்டுக் குழாயைத் திறந்தால் இரண்டிலும் மஸ்கெலியா இருக்கக்கூடும்.

இதனால் ஒரு விபரீதக் கணக்கும் உண்டு. பழைய மஸ்கெலியா வெளியே வருகிறது என்றால் கொழும்பில் மின்வெட்டு வரப்போகிறது என்று அர்த்தம். 1996இல் அப்படி நடந்தது. 2001, 2002 வாக்கில் மறுபடி நடந்தது. நுரைச்சோலை அனல்மின் நிலையம் வந்தபிறகு அந்தப் பிடி தளர்ந்திருக்கிறது. 2022இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை போன இருட்டுக்குப் பெருங்காரணம் டொலர் இல்லாமை. ஆனாலும் முப்பது வருடத்துக்கு முந்திய தலைமுறைக்கு, பத்திரிகையில் அந்தக் கோயிலின் படம் வருவதும் மெழுகுதிரி விலை ஏறுவதும் ஒன்றாகவே நடந்தன.

முழுகியது யாருடைய ஊர் என்பதற்கு வருவோம். கோப்பி அழிந்து தேயிலை வந்த காலத்திலிருந்து அந்தப் பள்ளத்தாக்கு முழுவதும் தோட்டங்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்து லயன்களில் குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகள்தான் அங்கே பெரும்பான்மை. மஸ்கெலியா நகரம் அவர்களுக்குச் சம்பளநாள் நகரம்: கடனுக்குச் சாமான், தங்க அடகு, கோயில் திருவிழா, ஹட்டன் பஸ். 1947 தேர்தலில் மஸ்கெலியாத் தொகுதி இலங்கை இந்தியக் காங்கிரஸைச் சேர்ந்த ஜோர்ஜ் ஆர். மோத்தாவைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. அடுத்த வருடமே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அனுப்பியவர்களில் பெரும்பாலோர் நாடற்றவரானார்கள், வாக்கும் போயிற்று. 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேர் பிறகு பார்க்கலாம். ஆடுமாடு பங்கு பிரிப்பதுகூட இதைவிட நிதானமாக நடக்கும்.

அணை எழுந்தது சரியாக இந்த இடைவெளியில். யார் இந்தியாவுக்குப் போகிறார், யார் இருக்கிறார் என்று லயத்துக்கு லயம் விண்ணப்பப் படிவம் நிரப்பிக்கொண்டிருந்த காலத்தில்தான் கீழே தண்ணீர் ஏறியது. பாராளுமன்றத்தில் சௌமியமூர்த்தி தொண்டமான் இருந்தார், ஆனால் நியமன உறுப்பினராக. அந்தப் பள்ளத்தாக்கின் தோட்டத் தமிழர் வாக்குப் போட்டுத் தேர்ந்தெடுத்த ஒருவர் எழுந்து நின்று எங்கள் ஊர் என்று சொல்வதற்கு வழியிருக்கவில்லை. தண்ணீர் நிரம்பி மின்சாரம் கம்பியேறிக் கொழும்புக்குப் போன பிறகும் மலையகத்தின் பல லயன் காம்பராக்களில் நெடுநாள் எரிந்தது மண்ணெண்ணெய் விளக்கு. மின்சாரம் நாட்டுக்குத் தேவைதான், விமலசுரேந்திர மேதைதான், மறுக்கவில்லை. ஆனால் பழைய மஸ்கெலியாவைப் பற்றி எழுதுபவர்கள் வழமையாக நீரில் மறைந்த அழகு என்று உருகிவிட்டு இந்த இடத்தைத் தாண்டிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

மலையின் பெயரிலேயே எத்தனை பேர் பங்கு! சைவருக்குச் சிவனின் பாதம். பௌத்தருக்குப் புத்தரின் பாதம். அவர்களின் சமனல கந்த என்ற பெயரை வண்ணத்துப்பூச்சி மலை என்றும் கொள்ளலாம். முஸ்லிம்களுக்கும் கிறிஸ்தவர் பலருக்கும் ஆதத்தின் பாதம். தோட்டத்துச் சனம் பாவா ஆதம் மலையைச் சுருக்கிப் பாவாத மலை என்கிறார்கள். 1344இல் வந்த இப்னு பதூதா, வடக்கை ஆண்ட ஆரியச் சக்கரவர்த்தியிடம் கேட்டது முத்தன்று, இந்த மலைக்குப் போக வழித்துணை. மன்னன் பல்லக்கும், யோகிகளும், பிராமணர்களும், சாமான் தூக்க ஆட்களும் கொடுத்து அனுப்பினான். பாபா வழி, மாமா வழி என்று இரண்டு பாதைகள் இருந்ததாக அவர் எழுதுகிறார். ஆதத்துக்கும் ஏவாளுக்கும் ஒவ்வொன்று. ஒரு முஸ்லிம் பயணியைத் தமிழ் மன்னன் ஒருவன் யோகிகளோடு சேர்த்து அனுப்பி வைத்த மலை என்பதை, இது யாருடைய மலை என்று இப்போது மல்லுக்கட்டுபவர்கள் ஒருமுறை வாசிக்கலாம்.

உந்துவப் போயா தொடங்கி வெசாக் வரை யாத்திரைப் பருவம். புஜிக்கு ஆடி, ஆவணி. நமக்கு மார்கழி முதல் வைகாசி. அவர்களுக்குப் பனி வழி விட வேண்டும், நமக்கு மழை. ஹட்டனிலிருந்து போகும் பஸ் மஸ்கெலியாவைக் கடந்து, நீர்த்தேக்கத்தின் ஓரமாகவே வளைந்து வளைந்து நல்லதண்ணிக்குப் போகிறது. இரவுப் பயணம். நித்திரை கலைந்து ஜன்னலைத் துடைத்துப் பார்த்தால், எதிரே வானத்தில் தொங்குவது போல ஒரு விளக்குச்சரம். மலைப்பாதை முழுக்கக் கட்டிய மின்விளக்குகள். அதன் கீழே எதுவும் தெரியாத கறுப்பு. முதல் தடவை அந்தக் கறுப்பைக் காடு என்று நினைத்தேன். பக்கத்தில் இருந்தவர்தான் தண்ணீர் என்றார்.

உச்சியில் விடியும்போது எல்லோரும் கிழக்கே பார்ப்பார்கள். பார்க்க வேண்டியது முதுகுப்பக்கம். சூரியன் எழுந்ததும் மலையின் நிழல் மேற்கே கடல்வரை நீண்டு, அச்சில் வார்த்த முக்கோணமாகக் கிடக்கும். 1886இல் ரால்ஃப் அபர்குரொம்பி என்ற வானிலை ஆய்வாளர் இதைப் பார்க்கவென்றே ஏறி, ஆய்வுக் கட்டுரையும் எழுதினார். மலை கூம்பாக இருப்பதால் நிழலும் கூம்பு என்று நினைப்போம். முக்கோணத்துக்கு அது காரணமல்ல. தண்டவாளம் தூரத்தில் ஒன்றாய்ச் சேர்வது போல, நெடுந்தூரம் நீளும் எந்த நிழலும் நுனியில் கூடிவிடுகிறது. அதன் உச்சியிலிருந்து பார்ப்பவருக்கு எந்த மலையின் நிழலும் முக்கோணம்தான். புஜியிலும் இதே நிழலைப் பார்க்கிறார்கள். ஆனால் சிவனொளிபாதத்தின் நிழல் நீளும் திசை நம்முடையது. கொழும்பும் இரத்மலானையும் இருப்பது அந்தப் பக்கம்.

இனி சாய்கோ ஏரிக்குத் திரும்பலாம். அதன் கரையில் நெம்பா என்று ஓர் ஊர். பட்டுப்பூச்சி வளர்க்க வசதியாக மாடம் வைத்து, போர்வீரனின் தலைக்கவசம் போலக் கூரை வேய்ந்த சுமார் 40 வீடுகள். 1966 செப்டெம்பர் 25இல் சூறாவளி மழையில் மலைச்சரிவு பெயர்ந்து வந்து ஊரை வாரிக்கொண்டு போயிற்று. அந்தக் கிராமசபைப் பகுதியில் மட்டும் 90 பேருக்கு மேல் போய்விட்டார்கள். தப்பியவர்களை ஏரியின் வேறொரு பக்கத்தில் குடியமர்த்தினார்கள். மீரியபெத்தையை நினைக்காமல் இதை வாசிக்க முடியவில்லை. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தைக்குப் பக்கத்தில் லயன்கள் மண்ணுக்குள் போன அந்தக் காலை.

நாற்பது ஆண்டு கழித்து, 2006இல், நெம்பா இருந்த அதே இடத்தில் இருபது ஓலைக்கூரை வீடுகளைப் பழைய மாதிரியே கட்டி, மனம் ஆற்றும் ஊர் என்று பெயரிட்டு நுழைவுச்சீட்டோடு திறந்தார்கள். ஒரு வீட்டில் மட்பாண்டம், ஒரு வீட்டில் காகிதம், இன்னொன்றில் கிமோனோ வாடகைக்கு. குடியிருக்கும் ஊரன்று, பார்க்கும் ஊர். போலி என்று தள்ளிவிட எனக்கும் முதலில் தோன்றியது. ஆனால் கூரை வேயும் கை மறக்காமல் இருப்பதற்கும், அங்கே ஓர் ஊர் இருந்தது என்று பள்ளிப் பிள்ளைக்குச் சொல்வதற்கும் அது உதவுகிறது. கூட்டம் மிதமிஞ்சினால் என்ன ஆகும் என்பதற்கும் அங்கேயே பாடம் உண்டு. 2024 மே மாதம் புஜிகவாகுச்சிகோ நகரசபை, ஒரு கடையின் கூரைமேல் புஜி நிற்பது போலப் படம் பிடிக்க வந்த சனத்தைத் தாங்க முடியாமல், இரண்டரை மீற்றர் உயரத்தில் கறுப்புத் திரை கட்டி மலையையே மறைத்தது. அதே கோடையில் புஜியின் யோஷிதா பாதையில் ஏற 2,000 யென் கட்டணமும் நாளுக்கு 4,000 பேர் என்ற வரம்பும் வந்தன.

சாய்கோவில் எனக்கு மிகப் பிடித்தது வீடுகளல்ல, ஒரு மீன். ஜப்பானின் ஆக ஆழமான ஏரி வடக்கே இருக்கும் தசாவா. அங்கே மட்டும் வாழ்ந்தது குனிமசு. 1940இல் நீர்மின்சாரத்துக்கும் பாசனத்துக்குமாக அமிலம் கலந்த ஆற்றுநீரை ஏரிக்குள் திருப்பினார்கள். குனிமசு அடியோடு அழிந்தது. எழுபது வருடம் அழிந்த இனம் என்றே ஏட்டில் இருந்தது. 2010இல் கியோட்டோப் பல்கலைக்கழகத்தின் நகாபோ தெத்சுஜி குழுவினர் சாய்கோவில் பிடிபட்ட கறுத்த மீன்களைச் சோதித்தபோது அவை குனிமசு என்று தெரிந்தது. 1935இல், ஆறு திருப்பப்படுவதற்கு ஐந்து வருடம் முன்பு, யாரோ பரீட்சார்த்தமாகத் தசாவாவிலிருந்து முட்டைகளை அனுப்பியிருக்கிறார்கள். அவை பொரித்து, ஆழத்தில் பெருகி, சத்தமில்லாமல் இருந்திருக்கின்றன. சாய்கோ மீனவர்களுக்கு அது புதிதுமல்ல. கறுப்பு மசு என்று பெயர் வைத்துப் பிடித்துத் தின்றுகொண்டுதான் இருந்தார்கள். பல்கலைக்கழகத்துக்குத்தான் தெரியாது.

அணைக்குள் போன ஊர்கள் தமிழருக்குப் புதிதல்ல. மேட்டூர் வற்றினால் பண்ணவாடியில் நந்தி தெரியும், பழைய தேவாலயக் கோபுரமும் தெரியும். பவானிசாகர் வற்றினால் தணாயக்கன் கோட்டைக் கோயில். மேல் கொத்மலைத் திட்டம் ஜப்பானியக் கடனில் 2012இல் முடிந்தது. அதற்காகத் தலவாக்கலையில் ஏறத்தாழ 500 குடும்பங்கள் இடம் மாறின. சென் கிளயார் அருவிக்குப் பகல் வேளையில் அளந்துதான் தண்ணீர் விடுகிறார்கள். அதற்காவது வாதம், வழக்கு, ஊர்வலம் எல்லாம் நடந்து பத்திரிகையில் பதிவாகியிருக்கின்றன.

பழைய மஸ்கெலியாவுக்கு யாரும் நெம்பா மாதிரி பொம்மை ஊர் கட்ட வேண்டாம். ஒரு வரைபடம் போதும். எந்த முனையில் எந்தக் கடை, தேர் எந்த வழியாகச் சுற்றியது, பஸ் எங்கே நின்றது, பள்ளிவாசலுக்கும் கோயிலுக்கும் இடையில் எத்தனை கதவு என்று ஒரு தாளில் குறித்து, கீழே பெயர் எழுதி வைக்க வேண்டும். பேராதனையிலோ கொழும்பிலோ ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடும் பிள்ளைகள் இதை எடுக்கலாம். தோட்டத்துப் பாட்டி தாத்தாக்களைத் தேடிப் போக ஒரு தொலைபேசியும் ஒரு கொப்பியும் போதும். உங்கள் வீட்டிலேயே ஒருவர் இருந்தால் இன்றைக்கே கேளுங்கள். தண்ணீர் ஏறியபோது பத்து வயதாக இருந்தவர்களுக்கு இப்போது அறுபத்தைந்து தாண்டிவிட்டது.